கட்டிங் மாஸ்டர் போட்ட பட்ஜெட்

திருப்பூர்
6-7-2025, ஞாயிறு

கண்ணு தேஜஸ்ரீக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கச்சி யாழினி மூன்று பேரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பத்தாவது படிக்கும்போது இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அந்த வயிற்றுவலி மறுபடி வந்ததா? டாக்டர் சொன்னபடி தண்ணீர் குடிக்கிறாயா?

பதினொன்றாவதுக்கு நீ போன விடுதியில் போன் கிடையாது, மாதத்துக்கு மூன்று நிமிஷம் பேசலாம், மற்றபடி கடிதம்தான் என்று வார்டன் சொல்லிவிட்டார். ஒன்பதாவது ஃபெயிலாகிப் பேனாவைக் கீழே வைத்தவன், இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் எடுக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். வெள்ளிக்கிழமை, நீ படித்த அதே பள்ளிக்கூடத்தில், யாழினிக்குப் பெற்றோர் கூட்டம். பனியன் கம்பெனியிலிருந்து அப்படியே போனேன். எக்ஸ்போர்ட் சரக்கில் மிஞ்சின சிவப்பு டி-சர்ட் போட்டிருந்தேன். புத்தம் புதுசு, நெஞ்சில் ஆங்கிலத்தில் பளபளவென்று எழுத்து. கணக்கு டீச்சர் என் நெஞ்சைப் படித்துவிட்டுச் சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் ஒரு கையைத் தூக்கி வணக்கம் போட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து எச்.எம். அம்மா, "பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரா இருக்க யாருக்கு இஷ்டமோ, அவங்க கையத் தூக்குங்க" என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்த இருபது பேரில் தூக்கின கை இது ஒன்றுதான். கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் நானும் சேர்ந்து தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் யாழினி சட்டையைப் படித்துச் சொன்னாள். "உலகத்திலேயே சிறந்த பாட்டி" என்று எழுதியிருக்கிறதாம். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் பாட்டிக்கு வாங்கித் தருவதாம். அந்த ஆர்டருக்கு ஆயிரக்கணக்கில் துணி வெட்டினவன் நான். அச்சடிப்பது வேறு இடம் என்பதால் என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆக மொத்தம், உன் அப்பா இப்போது தலைவர். உலகத்திலேயே சிறந்த பாட்டியும் அவரே.

பள்ளிக்கூடத்துக்கு நீ கொண்டுபோன நீலத் தண்ணீர்ப் பாட்டிலை யாழினி எடுத்துக்கொண்டாள். ஐந்து வருஷமாக வேலை விட்டு வந்ததும் அதில் நீ மிச்சம் வைக்கிற தண்ணீரை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துப் பழகிவிட்டேன். நீ போன பிறகு என்ன செய்வது என்று யோசித்தேன். நல்லவேளை, அவளும் உன்னைப் போலச் சிக்கனக்காரி. மிச்சம் வைக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி.

இப்படிக்கு,
தலைவர், கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து
(உன் அப்பாதான்)


விடுதி
18-7-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தேஜு எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் அம்மாவும் யாழினியும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்குமே, இப்போது பரவாயில்லையா?

உங்கள் கடிதத்தைப் படித்து எங்கள் அறையில் எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும், "உலகத்துலயே சிறந்த பாட்டி சௌக்கியமா?" என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். பிழை எதுவும் இல்லை, சிவப்பு மை மிச்சம்.

வயிற்றுவலி வரவே இல்லை அப்பா. இங்கே ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கிறேன். கதவு, தாழ்ப்பாள், குழாய் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

தலைவர் என்றால் கைதட்டு வாங்குவது மட்டும் இல்லை. இந்த வருஷப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்று பட்ஜெட் போட்டு, பெற்றோர் முன்னால் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். உங்களுக்காக ஒரு உரை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம்தான். மாவட்டப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவளின் அப்பா நீங்கள். பார்த்துப் பேசுங்கள்.

அன்பு மகள்,
தேஜஸ்ரீ


திருப்பூர்
3-8-2025, ஞாயிறு

பேச்சாளர் மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். அம்மா கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள், கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்கிறாள். உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. நம் ஊர்த் தண்ணீரில்தான் ஏதோ கோளாறு.

உன் உரையை ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். வெட்டும்போதும் வாய் முணுமுணுத்ததில் ஹெல்ப்பர் பெண்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். பதினோரு பேர் வந்தார்கள். அந்த நேரத்தில் கம்பெனியை விட்டு வந்தால் அரை ஷிப்ட் போய்விடும், யார் வருவார்கள்?

"இப்பள்ளியைத் தாங்கி நிற்கும் தூண்களே!" என்று ஆரம்பித்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா தூணைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. தாளை எடுத்துப் படித்தேன். இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் இடம் மாறிக் கிடந்ததால், வரவேற்பு முடிவதற்குள் நன்றி சொல்லிவிட்டேன்.

ஆனால் பட்ஜெட் பிரமாதம், கேள். பள்ளிக்கூடத்துக்கு இது ஐம்பதாவது வருஷம். பெரிய ஆண்டு விழா வைக்கிறோம். மேடை, சீரியல் லைட், வாசலில் இருபதடிக்குப் பேனர். பேனரில் என் படமும் செயலாளர் சுரேந்தர் படமும். சுரேந்தரைத் தெரியும்தானே, பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். அந்தப் பாட்டி டி-சர்ட் அவர் யூனிட்டில் அடித்ததுதானாம். என் மானத்தை வாங்கினவரும் என் படத்தைப் போடப் போகிறவரும் ஒரே ஆள்.

எச்.எம். அம்மா மட்டும் நடுவில், "கழிவறை கழுவ வேலாத்தாள் வாரத்துக்கு ஒரு நாள்தானுங்க வர்றாங்க. தினமும் வரச் சொல்ல ஏதாவது ஒதுக்கலாமுங்களா?" என்று கேட்டார். நான் சும்மா இருப்பேனா? "ஒரு நாள் போதாதுங்களா? புள்ளைங்க என்ன அங்கயா குடியிருக்காங்க?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மேடையில் நான் வாங்கின ஒரே சிரிப்பு அதுதான்.

ஆள் போதாததால் ஒப்புதல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. அதற்குள் பேனருக்கு நாலு வரி எழுதி அனுப்பு. "கல்வித் தந்தை" என்றெல்லாம் வேண்டாம், கொஞ்சம் குறைத்தே போடு.

அன்புடன்,
அப்பா


திருப்பூர்
24-8-2025

கண்ணு தேஜுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? விடுதிக்குப் போன் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாள், படிக்கிறாள் என்று வார்டன் சொன்னார். நன்றாக இருக்கிறவள் அப்பாவுக்கு இரண்டு வரி எழுதக்கூடாதா?

பேனர் வாசகமும் வரவில்லை. சுரேந்தர் தினமும் கேட்கிறார். படம் எடுக்க ஸ்டுடியோவுக்குக்கூடப் போய்விட்டேன். தலையில் இருந்த பஞ்சைத் தட்ட மறந்துவிட்டேன், படத்தில் பாதி நரைத்தவன் போல இருக்கிறேன்.

பதில் போடு சாமி.

அப்பா


விடுதி
30-8-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். பயப்பட வேண்டாம். தேர்வு இருந்தது.

பேனர் வாசகம் எழுதவில்லை. எனக்கு ஒரு காரியம் செய்ய முடியுமா? யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மூன்று நாள் பாருங்கள். அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். பார்த்தால் போதும்.

அம்மாவுக்கும் யாழினிக்கும் என் அன்பு.

தேஜஸ்ரீ


திருப்பூர்
7-9-2025

கண்ணு தேஜுவுக்கு,

இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. இந்தத் தடவை "நலம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே.

நீ சொன்னபடி பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சீக்கிரம் கிளம்பி வந்தேன். முதல் நாள் பாட்டில் மூடி வரைக்கும் தண்ணீர். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடி வைத்துவிட்டேன். காலையில் அம்மா ஊற்றிக் கொடுத்த தண்ணீர் ஊரைச் சுற்றிவிட்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

உன் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏனுங், இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். "அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூசுல புள்ளைங்க காலை வெக்க முடியாது. அதான் குடிக்கறதில்ல. நான் மட்டும் என்ன? செக்கிங் டேபிளை உட்டு ரெண்டு தடவை எந்திரிச்சா சூப்பர்வைசர் வாச்சைப் பாக்கறாரு. காலைல எட்டரைக்குப் போனா பொழுதோட வர்ற வரைக்கும் ரெண்டு மடக்குத்தான்."

"ஏம்புள்ள, இத்தன நாளா என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

சொல்லிவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

தேஜு, நேராகக் கேட்கிறேன். நீயும் அப்படித்தானா?

அப்பா


விடுதி
14-9-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்று ஒரு வார்த்தையில் முடிக்கவில்லை. இங்கே உண்மையாகவே நலமாக இருக்கிறேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஆகஸ்டில் உங்களுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். "புள்ளைங்க என்ன அங்கயா குடியிருக்காங்க" என்று நீங்கள் கேட்டதாக எழுதியிருந்தீர்களே. இல்லை அப்பா. ஐந்து வருஷத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போனதே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மூன்று கதவில் ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வேலாத்தாள் அக்கா வந்துவிட்டுப் போன மறுநாள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகலாம். மற்ற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது சுலபம். ஆறாவதில் அக்காமார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாவதில் நான் ஆறாவதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணியே குடிக்கறதில்லையாம்மா?" என்றபோது, "நல்லாச் சொல்லுங்க டாக்டர், நாங்க சொன்னாக் கேக்கறதில்ல" என்றீர்கள். நான் தலையாட்டினேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இருபதடி பேனர் வாசகம் என்னால் எழுத முடியாது. கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினால் என் பெயரும் யாழினி பெயரும் வேண்டாம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேஜு


திருப்பூர்
1-10-2025, ஆயுத பூஜை

என் கண்ணு தேஜுவுக்கு,

சுகம்தானே? இங்கே சுகம். கம்பெனியில் கட்டிங் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வெட்டுவதுதான். அதைச் செய்தேன்.

முதலில் ஆள் சேர்க்க வேண்டுமே. நம் ஜனங்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசைக்குத்தான் போக வேண்டும். இருபத்தொன்றாம் தேதி ஆறு மணிக்கே போய் நின்றேன். கறி வாங்கவில்லை, ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று சொன்னேன். "உங்க பொண்ணு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் தண்ணிப் பாட்டிலைப் பாருங்க. கேக்க வேண்டாம், பாத்தாப் போதும். பாத்துப்போட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க." நீ எனக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்குச் சொன்னேன். வரிசையில் பத்து தடவை பின்னால் போனதால் கடைக்காரர் நான் கடன் கேட்க வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை நூற்றெழுபது பேர் வந்தார்கள் கண்ணு! பாதிப் பேர் கையில் கறிப்பை. எச்.எம். அம்மா நாற்காலி போதவில்லை என்று பதறினார். "நாற்காலியே வேண்டாமுங்க" என்றேன்.

கறை விழுந்து கம்பெனியில் ஒதுக்கின வெள்ளைப் பனியன் துணியை முதலாளியிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். அதை அசெம்பிளி நடக்கிற சிமென்ட் தளத்தில் விரித்தேன்.

"நான் பேச வரலீங்க. போன தடவை பேசி, வந்தவங்க தூங்கிட்டீங்க. எல்லாரும் இந்தத் துணியச் சுத்தி நில்லுங்க, கட்டிங் டேபிளைச் சுத்தி நிக்கற மாதிரி. இந்த வருசம் கழகத்துக்கு இருக்கற பணம் இந்தத் துணி. ஆயிரத்துக்கு ஒரு சாண். இந்த அட்டையெல்லாம் செலவு, அதுவும் ஆயிரத்துக்கு ஒரு சாண். துணிக்கு வெளிய ஒரு அட்டையும் போகக்கூடாது. நீங்களே வெச்சுப் பாருங்க."

கம்பெனியில் துணிமேல் வைத்து வெட்டப் பேட்டர்ன் அட்டை செய்வோமே, அந்த மாதிரி ஒவ்வொரு செலவுக்கும் ஒரு அட்டை. மின்விசிறி ரிப்பேர், குடிதண்ணித் தொட்டி, விளையாட்டுச் சாமான், மேடையும் லைட்டும், பேனர், கழிவறைக் கதவும் தாழ்ப்பாளும் குழாயும், தினமும் கழுவ வேலாத்தாள் சம்பளம். மேலே எழுதியும் இருந்தேன், படமும் போட்டிருந்தேன். மேடைக்கு நான் போட்ட படம் கட்டில் மாதிரி இருந்தது, அதை விடு.

நான் என்ன சொன்னாலும் இப்படி நடந்திருக்காது. துணியும் அட்டையும் என்றதும் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். வெட்டுகிறவர், தைக்கிறவர், செக்கிங் அம்மாக்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை இல்லையா? "அதைத் திருப்பி வைங்க", "இங்க சந்து இருக்குது பாருங்க" என்று ஒரே சத்தம். தமிழ் தெரியாத வடக்கத்தி அம்மாக்களும் நடுவில் புகுந்து அட்டையை நகர்த்தினார்கள். முதலில் வைத்தது மேடை. பெரிய அட்டை, பாதித் துணியை அடைத்துக்கொண்டது. கடைசியில் வேலாத்தாள் அட்டைக்கு இடம் இல்லை. முக்கால்வாசி துணிக்கு வெளியே சிமென்ட்டில் கிடந்தது.

"அட, பனியன் துணிதானுங்களே மாஸ்டர். இழுத்தா வந்துருது" என்று சுரேந்தர் சிரித்துக்கொண்டே ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது! அட்டை முழுசும் துணிக்குள்ளே.  இழுத்தாலும் நீளாத காடாத் துணியை நான் கொண்டு போயிருக்க வேண்டும். இருபது வருஷம் துணி வெட்டினவனுக்கு அந்தப் புத்தி இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு டெய்லர் குரல் கொடுத்தார். "இழுத்து வெட்டுனா துவைச்சதும் சுருங்கிப் போயிருமுங்க. அளவு வராது, சரக்கு ரிட்டன் வந்துரும்!"

நூற்றெழுபது பேரும் சிரித்தார்கள். சுரேந்தரும் சிரித்துவிட்டுக் கையை விட்டார். துணி பழைய இடத்துக்கே போனது. அட்டை மறுபடி வெளியே.

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு கேட்டேன். "வெள்ளிக்கிழமை பாட்டிலைப் பாத்தவங்க கையத் தூக்குங்க." நிறையக் கை. "எவ்வளவு தண்ணி இருந்துச்சுங்க?"  பீகாரிலிருந்து வந்த சுனிதா என்கிற அம்மா, ஓவர்லாக் தைக்கிறவர், கேள்வி புரிந்ததோ என்னவோ, உள்ளங்கையைத் தன் கழுத்துக்கு நேராக வைத்துக் காட்டினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் அப்படியே வைத்தார். பிறகு ஒவ்வொருவராக எத்தனையோ பேர். அவ்வளவு பெரிய கூட்டத்தில் கறிப்பை சரசரக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு அஞ்சு வருசம் பகல்ல தண்ணி குடிக்காம இருந்துச்சுங்க. ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போச்சு. யாருன்னு கேக்காதீங்க. போன கூட்டத்துல, புள்ளைங்க அங்கயா குடியிருக்காங்கன்னு கேட்டு வந்தவங்களைச் சிரிக்க வெச்சேன். அது தப்புங்க. ஒண்ணு சொல்றேன், பாக்கெட் இல்லாமச் சட்டை தெக்கலாம். கழுத்து இல்லாமத் தெச்சா தலைய எங்கீங்க உடறது?"

குனிந்து பேனர் அட்டையை எடுத்தேன். என் மூஞ்சி போட வேண்டிய அட்டை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கைதட்டினார்கள். இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்துதான் நின்றேன்.

சுரேந்தர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவரே மேடை அட்டையை எடுத்தார். "எங்க யூனிட் டேபிள் நாலை இழுத்துப் போட்டா அதுதானுங்க மேடை. ஸ்பீக்கரும் நானே தர்றனுங்க. ஆனா மாஸ்டர், விழாவுக்கு நீங்க அந்தப் பாட்டிச் சட்டையத்தான் போட்டுட்டு வரோணும், ஆமா!"

வேலாத்தாள் ஓரமாக நின்றிருந்தார். "தினமும் வர்றீங்களா?" என்று எச்.எம். அம்மா கேட்டார். "ரெண்டு நேரமும் வர்றனுங்க. மொதல்ல கதவுக்குத் தாழ்ப்பாளைப் போடுங்க சாமி. தாழ்ப்பாள் இல்லாத கக்கூசை நான் கழுவி ஆருக்கு?" என்றார். தாழ்ப்பாள் அட்டைக்குப் பக்கத்திலேயே வேலாத்தாள் அட்டையும் துணியில் ஏறியது. இன்னும் ஒரு சாண் மிஞ்சியது. ஒப்புதல்! ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

கலையும்போது ஒருவர் கேட்டார். "அதெல்லாஞ் செரீங்க மாஸ்டர். இத்தன வருசமா தினமும் மீந்த தண்ணி எங்கதானுங்க போச்சு? ஒரு ஊட்லகூட ஒருத்தருங் கண்ணுல படலியா?" "செடிக்கு ஊத்தியிருப்பாங்க, போப்பா" என்று இன்னொருவர் சொன்னார். நான் அவசர அவசரமாகத் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

யாழினிக்கு இரண்டு நாளாகத் தலைகால் புரியவில்லை. "எங்கப்பாதான் தலைவர்" என்று சொல்லித் திரிகிறாள். சட்டையைப் பற்றி மட்டும் சொல்லாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு பொட்டலம் பொரி வைத்து அனுப்புகிறேன். நமுத்துப் போவதற்குள் சாப்பிடு.

அப்பா


விடுதி
8-10-2025

என் அப்பாவுக்கு,

நான் மிக நலம். பொரி நமுத்துத்தான் வந்தது. எட்டுப் பேரும் சேர்ந்து தின்று தீர்த்தோம்.

உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். சுனிதா அம்மா கழுத்துக்கு நேராகக் கை வைத்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு ஒருத்தி, "எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான்" என்றாள். எட்டுப் பேரில் ஆறு பேர் அதையே சொன்னோம். இவ்வளவு நாள் ஒரே அறையில் படுத்திருக்கிறோம், அன்றைக்குத்தான் பேசினோம்.

வார்டன் அம்மாவும் கடிதத்தை வாங்கிப் படித்தார். "உங்கப்பா எங்கம்மா படிச்சாரு?" என்று கேட்டார். "பனியன் கம்பெனியிலங்க மேடம்" என்றேன். இதைவிடக் கம்பீரமாக நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. நான் எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கடைசியில் ஒருவர் கேள்வி கேட்டதும் துணியை ஏன் அவ்வளவு அவசரமாக மடித்தீர்கள்? அவருக்குப் பதில் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போல எனக்குத் தோன்றியது.

பதினெட்டாம் தேதி தீபாவளிக்கு வருகிறேன். அம்மாவை ஒரு பாட்டில் தண்ணீரோடு கம்பெனிக்கு அனுப்புங்கள், காலியாகத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள்
தேஜு


திருப்பூர்
14-10-2025

கண்ணு தேஜுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா உன் உத்தரவைக் கேட்டுவிட்டு, "அப்பனும் மகளும் சேந்து ஊரையே தண்ணி குடிக்க வெப்பீங்க போலிருக்குது" என்று முறைத்தாள். ஆனால் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். சூப்பர்வைசர் வாச்சைப் பார்த்தாராம், அவளும் தன் கையைத் திருப்பி வாச்சைப் பார்த்தாளாம்.

கதவு மூன்றுக்கும் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. நானே ஸ்குரூடிரைவரோடு போய் நின்று போட்டேன். ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டேன், வேலாத்தாள் திருத்தினார். இப்போது காலையும் மத்தியானமும் வருகிறார்.

இன்றைக்கு நடந்ததைக் கேள். வேலை விட்டு வந்ததும் பழக்கதோஷத்தில் நீலப் பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இல்லை. "அப்பா, அது காலியா இருக்குங்கப்பா!" என்று யாழினி உள்ளேயிருந்து கத்தினாள். காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றவனை உன் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு குடத்தில் மொண்டு குடித்தேன்.

அந்தக் கூட்டத்தில் அத்தனை கையும் தட்டினது எனக்கு இல்லை. உனக்குத்தான். பெயர் சொல்லக்கூடாது என்று நீ கட்டளை போட்டதால் நான் வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளி நோம்பிக்கு வந்து எடுத்துக்கொள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார். வழியில் தண்ணீர் குடி.

இப்படிக்கு,
உன் அப்பா நாச்சிமுத்து

பின்குறிப்பு: துணியை ஏன் மடித்தேன் என்று கேட்டிருந்தாய். நேரில் கேட்டால் ஏதாவது வேடிக்கை பேசிச் சமாளித்துவிடுவேன், அதனால் இதிலேயே எழுதிவிடுகிறேன். அத்தனை பேர் முன்னால் தொண்டை வரைக்கும் வந்து, வாய்க்கு வராமல் நின்றது இதுதான். "மீந்த தண்ணி எங்கயும் போகலீங்க. அஞ்சு வருசம், தினமும், நாந்தானுங்க குடிச்சேன்."